வேலியோர ஆடாதோடையும் உங்க வீட்டு இருமல் சிரப்பும்

இன்னிக்கு இழை கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, சளி இருமலுக்குன்னு வாங்கி வச்ச சிரப் பாட்டிலை எடுங்க. முன்பக்கம் பெரிய எழுத்துல இருக்குற கம்பெனிப் பேரை விட்டுடுங்க. பக்கவாட்டுல பொடி எழுத்துல உள்ளே என்னென்ன மருந்துன்னு போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. சளியை இளக்குற சிரப்பா இருந்தா பெரும்பாலும் ரெண்டுல ஒரு பேர் அதுல இருக்கும். ப்ரோம்ஹெக்ஸின், இல்லேன்னா ஆம்ப்ராக்ஸால்.

இந்த ரெண்டும் எங்கிருந்து வந்ததுன்னு பின்னோக்கிப் போனா, ஜெர்மனியில ஒரு ஆய்வுக்கூடம் வரும். அங்கிருந்து பம்பாய், கல்கத்தா, ஊட்டி, சென்னை, கொழும்புன்னு வழி நீளும். கடைசியில நம்ம ஊர் வேலியோரத்துல கொண்டுபோய் நிறுத்தும். அங்க நிக்கிற செடிதான் ஆடாதோடை.

பார்த்திராதவங்களுக்காக: ஆளுயரம், நல்ல மண்ணா இருந்தா அதுக்கு மேலேயும் வளரும் புதர்ச்செடி. கொஞ்சம் மாவிலை சாயல்ல நீண்ட இலை, நுனி கூரா இருக்கும். கசக்கினா ஒரு பச்சை நெடி. நாக்குல வச்சா கசப்பு, நல்ல கசப்பு. பூ வெள்ளை. கதிர் கதிரா வரும். ஒவ்வொரு பூவும் மேலுதடு கீழுதடுன்னு பிரிஞ்சு வாயைப் பிளந்து நிக்கும், கீழுதட்டுல ஊதா கலந்த சிவப்புக் கோடுகள் ஓடும். வடமொழி மருத்துவ நூல்கள் இதுக்கு வாசா, வாசகான்னு பேர் சொல்றதோட 'சிங்கவாய்'ன்னு பொருள்படுற ஒரு பேரையும் வச்சிருக்கு. பூவைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா அந்தப் பேர் வச்சவர் சும்மா வைக்கலன்னு தெரியும்.

தமிழ்ப் பேர் இன்னும் நேரடியானது. ஆடு தொடா இலை. எதைப் பார்த்தாலும் கடிச்சுப் பார்க்குற ஆடே இதைத் தொடாது. ஆடுதொடா, ஆடாதொடை, ஆடாதோடைன்னு வாய்க்கு வாய் மாறி வந்திருக்கு. மலையாளத்துல ஆடலோடகம், கன்னடத்துல ஆடுசோகே. அங்கேயும் முதல் ரெண்டு எழுத்துல ஆடு எட்டிப் பார்க்குது பாருங்க.

இந்த ஆடு லத்தீனுக்குள்ள போன கதைதான் முதல் கதை.

பால் ஹெர்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1672 முதல் 1677 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்தார். கம்பெனி ஆட்களுக்கு வைத்தியம் பார்த்த நேரம் போக, செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, படம் வரைந்து வைத்தார். பிறகு ஹாலந்தில் லைடன் நகரத்தில் பேராசிரியர் ஆனார். லைடன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி 1687இல் அவர் போட்ட நூலில் இந்தச் செடிக்கு எழுதிய பேர் 'அதாதோடா ஸெய்லனென்ஸியம்'. அதாவது, இலங்கைக்காரர்கள் ஆடாதோடை என்று சொல்லும் செடி. புதுசா பேர் எதுவும் வைக்கல அவர், ஊர்க்காரங்க சொன்னதைக் காதுல வாங்கி எழுதிக்கிட்டார்.

ஹெர்மன் 1695இல் இறந்துபோனார். அவருடைய செடித் தொகுப்பு கைமாறிக் கைமாறி, டென்மார்க்கில் ஒரு அரண்மனை மருந்தாளரிடம் போய்ச் சேர்ந்து, அவர் மூலமாக ஸ்வீடனில் லின்னேயஸின் மேசைக்கு வந்தது. அதை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் கொடுத்த பெரும் நூலில் இதற்கு 'ஜஸ்டிஸியா அதாதோடா' என்று பெயர் போட்டார். இன்றைக்கும் அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். ஹெர்மன் ஒட்டிவைத்த தாள்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

(முதல் பாதி 'ஜஸ்டிஸியா' வருவது ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டப் பிரியர் பேரிலிருந்து. நீதிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.)

நடுவுல 19ஆம் நூற்றாண்டுல இன்னொரு பேர் வந்துச்சு, அதாதோடா வாசிகா. முன்பாதி நம்ம ஆடு, பின்பாதி வடமொழி வாசா. பழைய மருந்துப் புத்தகங்கள்ல இந்தப் பேரைத்தான் பார்ப்பீங்க. இந்த 'வாசிகா'வை ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

அடுத்தது சென்னை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கம்பெனி டாக்டர்கள்ல பல பேர் செடிப் பைத்தியம். காரணம் எளிசு. ஐரோப்பாவிலிருந்து மருந்து கப்பல்ல வரணும், வர்றதுக்குள்ள பாதி கெட்டுப்போகும். அதனால உள்ளூர் வைத்தியர்கள் என்ன கொடுக்கிறாங்கன்னு பார்த்தே ஆகணும். 1776இல் உதவி அறுவை மருத்துவராகச் சென்னைக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பர்க் பின்னாளில் இந்தியத் தாவரவியலின் பெரும்புள்ளி ஆனார். ஆடாதோடையைப் பற்றி அவர் குறித்து வைத்ததில் எனக்குப் பிடித்தது, இதன் மரக்கட்டை மென்மையானது, வெடிமருந்துக்குக் கரி சுட நல்லது என்ற குறிப்பு. இருமல் மருந்துச் செடி துப்பாக்கிக்குள்ளும் போயிருக்கு!

வைட்லா ஐன்ஸ்லி என்ற இன்னொரு கம்பெனி மருத்துவர் தென்னிந்தியாவில் பல ஆண்டு பணிபுரிந்து, உள்ளூர் மருந்துகளைத் தொகுத்து 1813இல் சென்னையிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அதை விரித்து 1826இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாகப் போட்டார். அதில் நம்ம செடி தமிழ்ப் பேரோடவே இருக்கு. பூ, இலை, வேர் மூன்றையும் இழுப்புக்கு உள்ளூர் வைத்தியர்கள் கஷாயமாகவும் லேகியமாகவும் கொடுக்கிறார்கள் என்று பதிந்திருக்கிறார்.

இதுவரைக்கும் நடந்ததெல்லாம் கேட்டு எழுதுறது. உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பிரிச்சுப் பார்க்கல.

பிரிச்சுப் பார்த்தது ஊட்டியில.

1880களில் மதராஸ் அரசாங்கத்தில் 'குவினாலஜிஸ்ட்' என்று ஒரு பதவி இருந்தது. மலேரியாவுக்கான குவினைன், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. நீலகிரியில் அரசாங்கத் தோட்டங்கள் இருந்தன. எந்தப் பட்டையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சோதிக்க ஒரு வேதியியலாளர் தேவைப்பட்டார். அந்தப் பதவியில் ஊட்டியில் உட்கார்ந்திருந்தவர் டேவிட் ஹூப்பர். சிங்கோனாப் பட்டையைச் சோதித்துப் பழகிய கை, சும்மா இருக்கவில்லை. அதே முறைகளை நாட்டு மருந்துச் செடிகள் மேலும் போட்டுப் பார்த்தது. 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஒரு காரப்பொருளை, ஆல்கலாய்டு என்று சொல்வோமே அதை, பிரித்தெடுத்தார். வாசிகாவிலிருந்து வந்ததால் பேர் 'வாசிசின்'.

இந்த வருஷத்தைக் கவனிங்க. 1882 மார்ச் 24ஆம் தேதிதான் ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டதாக அறிவிச்சார். ஆறே வருஷத்துல ஊட்டியில வாசிசின். ஒருத்தர் இருமலுக்குப் பின்னாடி இருக்குற கிருமியைப் பிடிச்சார், இன்னொருத்தர் இருமலைத் தணிக்கிற பொருளைப் பிடிச்சார். ரெண்டு வழியும் தனித்தனியாப் போச்சு. இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்கிறதுதான் இன்னிக்கு வரைக்கும் ஆளைக் கொல்லுது. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

ஹூப்பருக்குப் பிறகு கல்கத்தா. வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம் நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தைன்னு நாங்க எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷத்துல படிச்ச அதே சோப்ரா. நாட்டு மருந்துகளை ஒவ்வொண்ணா எடுத்து, பிராணிகள் மேல் சோதிச்சு, வார்டில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எது வேலை செய்யுது எது செய்யலன்னு எழுதினவர். 1925இல் அவரும் கோஷும் சேர்ந்து ஆடாதோடை பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கெட்டியா ஒட்டிக்கிட்டு வராத சளியை இளக்கி வெளியே கொண்டுவருதுங்கிறது அவருடைய முடிவு. அதுக்கு மேல பெருசா எதுவும் அவர் அள்ளிவிடல. 1933இல் வந்த அவருடைய இந்திய நாட்டு மருந்துகள் நூல்ல இந்தச் செடிக்கு நல்ல இடம் உண்டு.

அப்புறம் ஒரு வேடிக்கை. வடக்கே ஈரான் பக்கம் வறண்ட நிலத்துல வளர்ற பெகானம் என்ற வேற ஒரு செடியிலிருந்து எடுத்த பெகானின் என்ற பொருளும் ஊட்டி வாசிசினும் ஒண்ணேதான்னு 1930கள்ல தெரிஞ்சது. குடும்பம் வேற, ஊர் வேற, உள்ளே சமைக்கிற சரக்கு மட்டும் ஒண்ணு.

1959. அமீன், மேத்தா என்ற ரெண்டு இந்திய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை போட்டாங்க. ஆடாதோடையிலிருந்து இன்னொரு பொருள், வாசிசினோன். மூச்சுக்குழலை விரிக்குது. ஐன்ஸ்லி காலத்து வைத்தியர்கள் இழுப்புக்குக் கொடுத்தாங்கன்னு பார்த்தோமே, அதுக்கு ஒரு காரணம் கிடைச்சது.

கிட்டத்தட்ட அதே சமயம் ஜெர்மனியில் பிபராக் என்ற சின்ன ஊரில், போரிங்கர் இங்கல்ஹைம் குழுமத்தைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில், வாசிசினை மாதிரியா வச்சு வேதியியலாளர்கள் வேற வேற மூலக்கூறு செஞ்சு பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு வளையத்தைத் திற, ரெண்டு புரோமின் அணுவை ஒட்டு, இன்னொரு பக்கம் ஆறு கார்பன் வளையத்தைச் சேர். வந்தது ப்ரோம்ஹெக்ஸின். பேர்லயே இருக்கு பாருங்க, புரோமினும் ஹெக்ஸும். 1961இல் காப்புரிமை. 1963இல் 'பிசோல்வான்' என்ற பேர்ல சந்தைக்கு வந்தது.

நாம ப்ரோம்ஹெக்ஸின் முழுங்கினா உடம்பு அதைச் சும்மா விடாது, வெட்டி ஒட்டி வேற பொருளா மாத்தும். அப்படி உடம்புக்குள்ள உண்டாகிற பொருள்கள்ல ஒண்ணு, சளியை இளக்குற வேலையை நல்லாவே செஞ்சது. அதையே நேரடியா மருந்தாக்கிட்டா என்னன்னு யோசிச்சாங்க. அதுதான் ஆம்ப்ராக்ஸால், 1979 முதல் பயன்பாட்டுல இருக்கு. நீங்க கையில வச்சிருக்கிற பாட்டில்.

ஆக, ஆடாதோடைக்கு வாசிசின் பிள்ளை, ப்ரோம்ஹெக்ஸின் பேரன், ஆம்ப்ராக்ஸால் கொள்ளுப்பேரன். ஆனா ஒண்ணு, பேரனும் கொள்ளுப்பேரனும் செடிக்குள்ள கிடையாது. இலையை எவ்வளவு கொதிக்க வச்சாலும் ஆம்ப்ராக்ஸால் வராது. "இதுல இருக்கிறதைத்தான் அதுல போட்டு விக்கிறான்"னு வாட்ஸ்அப்ல வர்றது சரியில்லை.

இன்னொரு கேள்வி கமென்ட்ல வரும்னு தெரியும். "நம்ம செடியைத் திருடிட்டாங்களா டாக்டர்?" 1961இல் ஒரு நாட்டுச் செடியிலிருந்து மருந்து செஞ்சா அந்த நாட்டு மக்களுக்குப் பங்கு தரணும்னு எந்தச் சட்டமும் இல்ல. உயிரினப் பன்மை உடன்படிக்கை 1992இல்தான் வந்தது, இந்தியச் சட்டம் 2002. அதனால சட்டப்படி திருட்டுன்னு சொல்ல முடியாது. நியாயப்படி பார்த்தா, ஆடு தொடாததைக் கவனிச்சவங்க பேரும், அதை இருமலுக்கு முதல்ல அரைச்சுக் கொடுத்தவங்க பேரும் எந்தக் காப்புரிமையிலும் இல்ல. ஆனா எனக்கு உறுத்துறது வேற. 1888இல் ஊட்டி, 1925இல் கல்கத்தா. பாதிக் கிணறு இங்கேயே தாண்டியாச்சு. மிச்சப் பாதியைத் தாண்ட இங்க பணமும் ஆளும் போடலையே, அதுதான்.

சரி, மருந்து என்ன செய்யுது? சளிங்கிறது தண்ணி மட்டும் இல்ல. நீளமான சர்க்கரைப் புரத நார்கள் பின்னிப் பிணைஞ்ச கோந்து. இந்த மருந்துகள் அந்த நாரை உடைச்சு, தண்ணியா சுரக்கிற சுரப்பிகளைத் தூண்டி, கோந்தைக் கஞ்சியாக்கும். அப்புறம் மூச்சுக்குழல்ல இருக்குற நுண்ணிய ரோமங்கள் அதை மேல தள்ளும், நீங்க இருமித் துப்புவீங்க. அவ்வளவுதான். இருமல் நிக்காது, இருமல் சுலபமாகும். அற்புத மருந்துன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். சாதாரண ஜலதோஷத்துக்கு வெந்நீரும் ஓய்வும் பெரும்பாலும் போதும். அரிதா சிலருக்கு இந்த மருந்துகளால கடுமையான தோல் அலர்ஜி வரலாம்னு 2015இல் ஐரோப்பிய மருந்து ஆணையங்கள் எச்சரிக்கை சேர்த்தாங்க. சிரப் குடிச்சதும் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு வந்தா நிறுத்திட்டு உடனே வாங்க.

கொள்ளுப்பேரன் இப்போ இன்னொரு வேலைக்கும் போயிருக்கார். பார்க்கின்சன் நோய்ல ஒரு வகையில, மூளைச் செல்லின் குப்பையை அகற்றுற ஒரு நொதி சரியா மடியாம பலவீனமா இருக்கும். ஆம்ப்ராக்ஸால் அந்த நொதியைத் தாங்கிப் பிடிக்குதுன்னு ஆய்வுக்கூடத்துல தெரிஞ்சது. இருமலுக்குக் கொடுக்குறதைவிடப் பல மடங்கு அதிக அளவுல, லண்டனில் ஒரு சின்ன ஆய்வு நடந்து 2020இல் முடிவு வந்தது. மருந்து மூளை நீர் வரைக்கும் போய்ச் சேருது, பாதுகாப்பாவும் இருந்தது. நோயை மெதுவாக்குமாங்கிறதைப் பார்க்குற பெரிய ஆய்வு பிரிட்டனில் நடக்குது. முடிவு வரட்டும். கை நடுங்குற தாத்தாவுக்கு யாரும் இருமல் சிரப்பை ஊத்திடாதீங்க, ப்ளீஸ்.

இப்போ நான் இந்த இழையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வர்றேன். ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கர்ப்பிணிகள். 1970கள்ல ஜம்முவில் இருந்த மத்திய அரசு ஆய்வுக்கூடத்துல வாசிசினை மறுபடி எடுத்துச் சோதிச்சாங்க. அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்குதுன்னு தெரிஞ்சது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுமான்னு பார்க்குற அளவுக்குப் போச்சு. கருவைக் கலைக்கிற குணமும் இருக்குன்னு எழுதினாங்க. மூலிகைதானேன்னு நினைச்சு, மாசமா இருக்குற பொண்ணுக்கு இருமல்னா ஆடாதோடைக் கஷாயம் போட்டுக் கொடுக்குறவங்க இருக்காங்க. பாசத்துலதான் செய்றாங்க. ஆனா வேணாம். ஒரு இலைன்னாலும் வேணாம். குழந்தை தங்கணும்னு காத்திருக்கிறவங்களுக்கும் வேணாம். வீட்டுல செடி வச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

கஷாயத்துல இன்னொரு சிக்கல், அளவு. மாத்திரையில இத்தனை மில்லிகிராம்னு எழுதியிருக்கும். இலையில வாசிசின் எவ்வளவுங்கிறது இலையோட வயசு, பருவம், மண், வெயில்னு மாறிக்கிட்டே இருக்கும். அதனாலதான் படிச்ச சித்த மருத்துவர் கையால வாங்குங்கன்னு சொல்றேன். நிறைய அரசு ஆஸ்பத்திரி வளாகத்துலயே சித்தா பிரிவு இருக்கு, ஆடாதோடை மணப்பாகு அங்க பழக்கமான மருந்து. 2020இல் தெருத் தெருவா கொடுத்த கபசுரக் குடிநீரோட 15 சரக்குல ஆடாதோடை இலையும் ஒண்ணு. நான் சித்த மருத்துவத்துக்கு எதிராப் பேசல. கையளவு இலையைக் கிள்ளிப் போட்டு, கண்ணளவுல கொதிக்க வச்சு, கைக்குழந்தைக்கு ஊத்துறதுக்குத்தான் எதிராப் பேசுறேன். ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்குக் கஷாயமும் வேணாம், கடையில கேட்டு வாங்குற சிரப்பும் வேணாம்.

ரெண்டாவது விஷயம், காசநோய். டிபி.

பழைய நூல்கள் வாசாவை இருமலுக்கு மட்டும் சொல்லல. ரத்தம் கக்குறதுக்கும் சொல்லுது. சரகர், சுசுருதர் ரெண்டு பேர் மரபிலும் ரத்தப்போக்கு நோய்க்கு இது முக்கிய மருந்து. அந்தக் காலத்துல சளியோட ரத்தம் வந்த பல பேருக்கு டிபிதான் இருந்திருக்கும். அவங்க கையில இருந்தது அவ்வளவுதான், இருந்ததை வச்சு இதமா பார்த்துக்கிட்டாங்க. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? 1928இல் தாம்பரத்துல டாக்டர் சவுரி முத்து காசநோய் சானடோரியம் ஆரம்பிச்சப்போகூட, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வுதான் வைத்தியம். கிருமியைக் கொல்ல மருந்து உலகத்துலயே கிடையாது.

1940கள்லதான் மருந்து வந்தது. மருந்து வந்தும் படுக்கை இல்ல. அப்போதான் 1956இல் சென்னை சேத்துப்பட்டுல காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினாங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு: சானடோரியத்துல ஒரு வருஷம் படுக்க வச்சு மருந்து கொடுக்குறதும், நெருக்கடியான வீட்டுல, சுமாரான சாப்பாட்டோட, அதே மருந்தைக் கொடுக்குறதும் சமமா? 193 நோயாளிகள். 1959இல் முடிவு வந்தது. சமம். வீட்டுல இருந்தவங்களோட குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாத் தொத்தவும் இல்ல. உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வச்ச ஆய்வு அது, நம்ம சென்னையில நடந்தது.

அதே 1959தான் வாசிசினோன் கட்டுரை நேச்சர்ல வந்த வருஷமும். ஒரே வருஷத்துல ரெண்டு விடை. ஒண்ணு மூச்சுக்குழலை இளக்குற பொருள் என்னன்னு சொல்லுச்சு. இன்னொண்ணு, கிருமியைக் கொல்ற மாத்திரையை வீட்டுலயே வச்சுக் கொடுத்து ஆளைக் காப்பாத்தலாம்னு சொல்லுச்சு.

ஆடாதோடை முதல் வேலையைத்தான் செய்யும். டிபி உள்ளவர் குடிச்சாலும் சளி இளகும், தொண்டை இதமா இருக்கும், ஒரு வாரம் நல்லாத்தான் தெரியும். அதுதான் ஆபத்து. உள்ளே கிருமி நுரையீரலைத் தின்னுக்கிட்டே இருக்கும். மூணு மாசமா ஆடாதோடைச் சாறும் தேனும் சாப்பிட்டுட்டு, பத்து கிலோ இளைச்சு, ரத்தம் வந்த பிறகு ஓ.பி.க்கு வர்றவங்களை நான் பார்க்குறேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்துல வச்சா ஒரு பக்க நுரையீரல் மேல பகுதியில பெரிய ஓட்டை. மருந்து கொடுத்தா குணமாகும். ஓட்டையோட தழும்பும், மூச்சு வாங்குறதும் கூடவே இருக்கும். அதுக்குள்ள வீட்டுல இருக்குற சின்னப் பிள்ளைகளுக்கும் தொத்தியிருக்கும்.

1996இல் லண்டனில் கிரேஞ்ச், ஸ்னெல் ரெண்டு பேர் ப்ரோம்ஹெக்ஸினும் ஆம்ப்ராக்ஸாலும் சோதனைக்குழாய்ல டிபி கிருமி வளர்ச்சியைத் தடுக்குதுன்னு எழுதினாங்க. இதைத் தலைப்பா போட்டு "ஆடாதோடை டிபியைக் குணமாக்கும்"னு பகிர்ந்தா நம்பாதீங்க. சோதனைக்குழாய்ல நடக்குறது நுரையீரல்ல நடந்துடாது.

அதனால கணக்கு இதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையுறது கூட இருந்தா இன்னும் சீக்கிரம். சளியில ஒரு சொட்டு ரத்தம்னாலும் அன்னிக்கே வாங்க. பரிசோதனை இலவசம், ஆறு மாச மருந்து இலவசம், சிகிச்சை முடியுற வரைக்கும் சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் பேங்க் கணக்குல வரும். உலகத்துக் காசநோயாளிகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் இந்தியர். வெக்கப்பட ஒண்ணுமில்ல, வந்து சளியைக் கொடுத்துட்டுப் போங்க.

இவ்வளவு சொல்லிட்டு, செடியை வெட்டிப் போடுங்கன்னு சொல்லப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. கிடையாது. வைங்க. நல்ல செடி. குரோட்டன்ஸும் காகிதப்பூவும் வைக்கிற இடத்துல இந்த மண்ணோட செடி ஒண்ணு நிக்கட்டும்.

போத்து வச்சாலே வந்துடும். விதை தேடி அலைய வேணாம், விதை பிடிக்கிறதும் குறைவுதான். முத்தின கிளையில விரல் கனத்துக்கு, ஒரு சாண் நீளத்துக்கு, மூணு நாலு கணு இருக்குற மாதிரி வெட்டுங்க. அடியில ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும். கொஞ்சம் சாய்ச்சு நடுங்க. ஆடி மழைக்கோ ஐப்பசி மழைக்கோ முன்னாடி நட்டா தண்ணி ஊத்துற வேலையும் மிச்சம். ஒரு மாசத்துக்குள்ள துளிர் தெரியும். வேலியா வேணும்னா ரெண்டு மூணு அடிக்கு ஒரு போத்து. செம்மண், கரிசல், வீட்டுக் கட்டட இடிபாடு கலந்த மண்ணு, எதுலயும் வரும். தண்ணி தேங்குற இடம் மட்டும் ஆகாது. அரை நிழல்லயும் வளரும், வெயில்ல பூ அதிகம். மாடியில பெரிய தொட்டியிலயும் வைக்கலாம், ஆனா அடிக்கடி கவாத்து பண்ணணும், இல்லேன்னா கால் நீண்டு மேல மட்டும் இலை நிக்கும்.

ஆட்டுக்கு வேலி போட வேணாம், அதான் வேலியே. பூச்சி மருந்தும் தேவைப்படாது. வெட்டின இலையைத் தூக்கிப் போடாதீங்க. நெல் வயலுக்குத் தழை உரமா மிதிச்சு விடுறது பழைய வழக்கம், உங்க கத்தரிக்கும் தக்காளிக்கும் மூடாக்கா போடுங்க.

பூ மார்கழிக்கு மேல வரும், பங்குனி வரைக்கும் இருக்கும். அதனால பெரிய கவாத்தைப் பூ முடிஞ்ச பிறகு சித்திரையில வச்சுக்குங்க. பூ இருக்கும்போது காலையில ஏழு ஏழரைக்குப் போய்ப் பக்கத்துல நில்லுங்க. கருப்பா, உருண்டையா, நீலம் மின்னுற தச்சன் தேனீ வரும். அந்தக் கோடு போட்ட கீழுதட்டுல கால் வச்சு இறங்கி, தலையை உள்ளே விடும். மேலுதட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்குற மகரந்தம் அதோட முதுகுல தடவிக்கும். அது கொட்டும்னு பயப்படாதீங்க, அதுக்கு அங்க வேற வேலை இருக்கு.